ஒரு கோல் ஆட்டத்தில் பதினொரு கோல்

"பந்து எங்கை?" என்று கேட்டான் றொபேட்.

மரியதாசன் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். புல் இருந்தது. கோல் கம்பம் இருந்தது. ஹேர்னிங் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவன் றொபேட் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பந்து மட்டும் இல்லை.

"அது இப்பதான் போயிருக்குது" என்றார்.

"எங்கை?"

"கோலுக்கை."

"அந்தக் கோலைத்தானே தாசண்ணை உங்களைப் பிடிக்கச் சொன்னனான்!"

மேசையில் முப்பத்தாறு படங்கள் பரவிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை சில்க்போர்க் அணியோடு நடந்த ஆட்டம் முழுவதும் அதில் இருந்தது. முகங்கள் எல்லாம் நல்ல தெளிவு. ஆனால் ஒரு படத்திலாவது பந்து இல்லை. மரியதாசனின் விரல் கமராவை அமுக்குவதற்குள் பந்து எப்படியோ போய்விடும். பந்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், குளவி கலைத்த கூட்டம் வயலில் ஓடுவதுபோல் இருந்தது.

"ஒண்டுகூட வேண்டாமோ?"

"உந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினால், நான் ஆருக்கோ பயந்து ஓடுறன் எண்டு அம்மா நினைப்பா."

மரியதாசன் கதிரையில் இருந்துவிட்டார். பிலிம் வாங்கிய காசும் போச்சு, கழுவக் கொடுத்த காசும் போச்சு.

அவருக்குக் காசு தேவைப்பட்டது கத்தரீனாவுக்காக. கலியாணம் முடிந்த பதினோராவது நாள் அவளை மன்னாரில் விட்டுவிட்டுப் புறப்பட்டவர் அவர். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் இரண்டரை வருடம் படுத்துக் கிடந்தது. அவருடையது மட்டுமல்ல, மனைவி மக்களை விட்டுவந்த மற்றத் தமிழருடையதும் அப்படித்தான் கிடந்தன. பிறகு பேப்பர்காரர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எண்பத்தொன்பதாம் ஆண்டு வசந்தகாலத்தில், வரலாம் என்று ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கு மரியதாசன் தான் வேலை செய்யும் துணித் தொழிற்சாலையின் கழிவறைக்குள் போயிருந்து நன்றாக அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் விமான ரிக்கற் நினைவுக்கு வந்தது.

சேர்த்து வைத்ததெல்லாம் போன வருடம் தங்கச்சியின் கலியாணத்துக்குப் போயிருந்தது. ஓகஸ்ட் முடியுமுன் ரிக்கற் காசு கட்ட வேண்டும். அவள் வருவதற்கான அனுமதிக்கும் ஒரு கடைசித் திகதி இருந்தது. இரண்டரை வருடம் அரசாங்கத்தால் பிந்தியது போதும், இனி என்னால் ஒரு நாளும் பிந்தக்கூடாது என்று அவர் மாதா படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார். அவரிடம் கைவசம் இருந்த ஒரே முதல், பழைய சாமான் சந்தையில் வாங்கிய இந்தக் கமராதான்.

"றொபேட், அந்தக் கோலைத் திரும்ப ஒருக்கால் அடியன்" என்றார்.

"மச் முடிஞ்சுது அண்ணை."

"மச் முடிஞ்சால் என்ன? கால் இருக்குதுதானே?"

அடுத்த ஞாயிறு மைதானத்தில் அதே கோல் மறுபடியும் நடந்தது. இந்த முறை மரியதாசன் யோசித்துத்தான் நின்றார். றொபேட்டுக்கு நேர் பின்னால் நின்றால் முதுகில் ஒன்பதாம் இலக்கம், அதற்கப்பால் பந்து, அதற்கும் அப்பால் வலை என்று எல்லாமே ஒரு படத்துக்குள் விழும். வலைக்கு முன்னால் பாய்ந்து விழுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பஸ்தியாம்பிள்ளை இருந்தான்.

பஸ்தியாம்பிள்ளை கழகத்தின் கோலி, கோல் காப்பவன். மரியதாசனின் அறைக்கூட்டாளியும் அவன்தான். அன்றைய ஆட்டத்தில் சில்க்போர்க் அடித்த ஒன்பது பந்தையும் பிடித்தவன். பெயர்தான் கிழவர் பெயர், வயது இருபத்தெட்டு. யார் என்ன கேட்டாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகுதான் யோசிப்பான்.

"மெதுவாய் அடி. ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

றொபேட் அடித்தான். பஸ்தியாம்பிள்ளை வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கத்தால் போனது. கமராவும் அந்த நேரத்துக்குச் சரியாக அமுங்கியது.

"பஸ்தி, பந்தைப் பாரடா! ஏன் என்னைப் பாக்கிறாய்?"

"படம் எண்டால் கமராவைத்தானே அண்ணை பாக்கிறது?" என்றான் அவன், சேற்றிலிருந்து எழும்பியபடி.

"சிரிக்கவும் சிரிச்சிட்டாய்."

"பாத்தால் சிரிக்கத்தானே வேணும்?"

அது அவனுடைய பிழையல்ல. மன்னாரில் ஸ்ரூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், ஆறு மாதக் குழந்தையும் நேரே பார்த்துத்தான் இருக்கும்.

படம் கழுவி வந்தது. பந்து இருந்தது. வட்டமாக, வெள்ளையாக, வலைக்குள் போய்க்கொண்டே இருந்தது. றொபேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுதான் கோல்" என்று சொல்லி நான்கு பிரதி வாங்கினான். அம்மாவுக்கு ஒன்று, கனடாவில் மாமாவுக்கு ஒன்று, தனக்கு இரண்டு.

மறுநாள் டானியல் வந்தான். டானியல் பின்வரிசை ஆட்டக்காரன். மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டினால் வழி கேட்டுத்தான் திரும்பி வருவான்.

"எனக்கும் ஒரு கோல் வேணும் தாசண்ணை."

"நீ கோல் அடிக்கேல்லையே தம்பி."

"அடிச்சிருப்பன். றொபேட் பந்தைத் தந்தால்தானே."

அதில் நியாயம் இருப்பதாக மரியதாசனுக்குப் பட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் மிச்சம் எட்டுப் பேரும் வந்தார்கள். கடைசியாக, ஆட்டம் முழுவதும் தண்ணீர்ப் போத்தலோடு கோட்டுக்கு வெளியில் நின்ற சபாரத்தினமும் வந்து, தனக்குத் தலையால் அடித்த கோல் வேண்டும் என்றார். ஒன்றுக்குச் சைபர் என்று முடிந்த ஆட்டத்துக்குப் பதினொரு கோல் படம் ஆனது. பதினொரு தரமும் பஸ்தியாம்பிள்ளை பாய்ந்தான், கமராவைப் பார்த்தான், சிரித்தான், விழுந்தான்.

ரிக்கற் காசில் பாதி சேர்ந்துவிட்டது. மரியதாசன் கத்தரீனாவுக்கு எழுதிய கடிதத்தில் தன் பெயருக்குக் கீழே 'புகைப்படக் கலைஞர்' என்றும் போட்டார்.

யூலை நடுவில் ஒரு நாள் பஸ்தியாம்பிள்ளை கையில் ஒரு வான்கடிதத்தோடு குசினிக்குள் வந்தான். அவன் முகம் சரியில்லை.

"ஐயா எழுதியிருக்கிறார். வாசியுங்கோ."

சபாரத்தினத்தைத் தவிர அணி முழுவதும் ஒரே கோயிற்பற்று, மன்னாரில் ஒரே தேவாலயத்து ஆட்கள். மரியதாசன் அதை யோசித்திருக்கவில்லை. கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

'மகனுக்கு ஐயா எழுதுவது. ஞாயிறு பூசை முடிந்து வெளியில் வந்தால் தாய்மார் எல்லாரும் படத்தோடு நிற்கிறார்கள். எந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாலும் நீ விழுந்து கிடக்கிறாய். அங்கே உனக்குச் சாப்பாடு இல்லையோ? உன்னுடைய சொந்த ஆட்களே உனக்குக் கோல் அடிப்பது ஏன் என்றும் விளங்கவில்லை. ஏதும் கோபமோ? கலியாணம் பேசுகிற நேரத்தில் இப்படி விழுந்தால் உனக்கு யார் பெண் தருவார்கள்?'

"இனி நான் விழ மாட்டன்" என்றான் பஸ்தியாம்பிள்ளை. தலையை ஆட்டாமல் அவன் பேசியதை மரியதாசன் அன்றுதான் முதல் முறை பார்த்தார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. செய்தி அதற்குள் சில்க்போர்க்குக்கும் ஹோர்சன்ஸுக்கும் போய்விட்டது. அங்கிருந்து இருபத்திரண்டு பேர் தங்களுக்கும் கோல் வேண்டும் என்று முற்பணம் கொடுத்திருந்தார்கள். அந்த முற்பணத்தை மரியதாசன் நேராகக் கொண்டுபோய் ரிக்கற் முகவரிடம் கட்டிவிட்டார்.

முதலில் ஆளில்லாத கோலுக்குள் அடித்துப் படம் எடுத்துப் பார்த்தார். ஹோர்சன்ஸ் பொடியன் ஒருவன் அதை வாங்க மறுத்தான்.

"ஆளில்லாத கோலுக்கை என்ரை அம்மாவும் அடிப்பா அண்ணை."

பிறகு மைதானத்துப் புல் வெட்டும் யென்ஸைப் பிடித்தார். யென்ஸுக்கு அறுபது வயது, நல்ல உயரம், தொப்பி, மீசை. வெள்ளைக்காரக் கோலிக்கு அடித்த கோல் என்றால் விலையைக்கூடக் கொஞ்சம் ஏற்றலாம் என்று மரியதாசனுக்கு ஆசை வந்தது. சம்பளமாக ஆறு மீன் ரோல்ஸ் பேசினார். தனக்குத் தெரிந்த டேனிஷில் விளக்கினார். யென்ஸ் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்க் கோலுக்குள் நின்றார்.

சில்க்போர்க்கின் முதலாமவன் அடித்தான். யென்ஸ் பிடித்தார். இரண்டாமவன் அடித்தான். பிடித்தார். மூன்றாமவன் பலமாகவே அடித்தான். யென்ஸ் அதை ஒற்றைக் கையால் தட்டிவிட்டுத் தொப்பியைச் சரி செய்தார். அவர் இளவயதில் இருபது வருடம் கோல் காத்தவர் என்பது பிறகுதான் தெரியவந்தது.

"பந்தை விடவேணும் யென்ஸ்" என்று மரியதாசன் டேனிஷில் கெஞ்சினார்.

"ஏன்?" என்று கேட்டார் யென்ஸ், உண்மையாகவே விளங்காமல். "பந்து வந்தால் பிடிக்கத்தானே வேண்டும்?"

ஒரு பிலிம் முழுக்க யென்ஸ் பந்து பிடிக்கும் படங்கள் விழுந்தன. யென்ஸ் மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கினார். சில்க்போர்க் பொடியள் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

ஓகஸ்ட் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. மரியதாசன் அன்று பின்னேரம் குசினிக்குப் போனார். பஸ்தியாம்பிள்ளை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். அவர் எதிரே கதிரையில் இருந்தார்.

"எத்தினை?" என்று கேட்டான் பஸ்தியாம்பிள்ளை, நிமிராமலே.

"இருபத்திரண்டு."

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

"இருபத்திமூண்டு" என்றார் மரியதாசன், பொய் சொல்ல மனமில்லாமல். "ஹோர்சன்ஸ் கோச்சும் ஒண்டு கேட்டவர்."

"அந்தாளுக்கு அம்பது வயசெல்லே?"

"அவரின்ரை தாயும் உயிரோடைதான் இருக்கிறா."

பஸ்தியாம்பிள்ளை கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர். அது வெங்காயத்தாலா, தகப்பனின் கடிதத்தாலா என்று மரியதாசனுக்குத் தெரியவில்லை.

"கத்தரீனா அக்கா வந்தால் எனக்கு ஒரு நாளைக்கு நல்ல மீன்குழம்பு வைச்சுத் தருவாவோ?"

"ஒரு நாளைக்கில்லையடா. நீ கேக்கிற நாளெல்லாம் வைப்பா."

"அப்ப சரி" என்று பழையபடி தலையை ஆட்டினான். "ஆனால் சிரிச்சுக்கொண்டுதான் விழுவன். கமராவைப் பாக்கக்கூடாது எண்டு என்னோடை கத்தக்கூடாது."

சனிக்கிழமை இருபத்திமூன்று தரம் விழுந்தான். பன்னிரண்டாம் கோலுக்கு மழை தொடங்கியது. பதினெட்டாம் கோலுக்கு முழங்கால் உரிந்தது. கோச்சின் பந்து கோல் வரைக்கும் உருண்டு வரவில்லை. பஸ்தியாம்பிள்ளை எழும்பிப் போய், அதைக் காலால் மெல்லத் தட்டி இழுத்துவந்து, பிறகு பாய்ந்தான். ஒவ்வொரு தரமும் சிரித்தான். மரியதாசனுக்குக் கமராக் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. மழை என்று நினைத்துத் துடைத்தார். மழையில்லை. இப்படி ஒரு நண்பனின் மானத்தை விற்றா என் மனைவியைக் கூப்பிடுகிறேன் என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

ரிக்கற் வந்தது.

ஒக்டோபர் இரண்டாம் கிழமை மரியதாசனும் பஸ்தியாம்பிள்ளையும் றொபேட்டின் சிவப்புக் காரில் கோப்பன்ஹேகனுக்குப் புறப்பட்டார்கள். இடையிலுள்ள கடலுக்குப் பாலம் போடாத காலம். காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்தியாம்பிள்ளை வரமாட்டேன் என்றுதான் நின்றான்.

"அக்கா ஊரிலை எல்லாப் படத்தையும் பாத்திருப்பா. என்ன முகத்தோடை நான் அவவுக்கு முன்னாலை நிக்கிறது?"

"நீ விழாட்டி அவ வந்திருக்க மாட்டா" என்று மரியதாசன் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் ஒரு நீலச் சேலை வந்தது. அதற்கு மேலே ஆண்களின் குளிர்ச்சட்டை ஒன்று. கத்தரீனா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். மூன்று வருடமாக ஒத்திகை பார்த்து வைத்த வசனம் எதுவும் மரியதாசனின் வாயில் வரவில்லை.

"மெலிஞ்சு போனீங்கள்" என்றாள் அவள்.

"ஓம்" என்றார்.

இருவரும் கண்ணைத் துடைத்து முடியும்வரை றொபேட் மரியாதையாகப் பொறுத்திருந்தான். பிறகு கார்த் திறப்புக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அக்கா, நான் கோல் அடிச்ச படம் அம்மாட்டைக் கிடைச்சுதோ?"

"கிடைச்சுது தம்பி. கண்ணாடி போட்டுச் சுவரிலை கொழுவியிருக்கிறா. எல்லா வீட்டிலையும் கொழுவியிருக்குது." அவளுடைய பார்வை அவனைத் தாண்டிப் போனது. "அங்கை தூணுக்குப் பின்னாலை ஒளிஞ்சு நிக்கிறது ஆர்?"

மரியதாசன் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"அது பஸ்தியாம்பிள்ளை. ஊரிலை என்ன கதைச்சவையோ தெரியாது, ஆனால் உண்மையிலை இவன் நல்ல கோலி, கத்தரீனா. எல்லாம் என்னாலைதான் வந்தது."

கத்தரீனா கைப்பையைத் திறந்து, இறப்பர் வளையம் போட்டுக் கட்டிய கடிதக் கட்டு ஒன்றை எடுத்தாள். தூணடிக்குப் போய் அதை நீட்டினாள். பஸ்தியாம்பிள்ளை பழக்கதோசத்தில் தலையை ஆட்டிவிட்டு வாங்கினான்.

"கோல் அடிச்ச பொடியள் எல்லாருக்கும் முதுகுதான் விழுந்திருக்குது, ஊர் முழுக்கச் சுவரிலை சிரிச்சுக்கொண்டிருக்கிற முகம் உங்கள் ஒராளின்ரைதான் தம்பி" என்றாள் கத்தரீனா. "ஏழு சம்பந்தம் குடுத்துவிட்டிருக்கினம், மேலை இருக்கிற கடிதம் றொபேட்டின்ரை தங்கச்சிக்குக் கேட்டு."