ஒரே வீட்டில் இரண்டு ஒன்றாம் எண்கள்

தலைமைப் பஞ்சம் என்று உலகமே புலம்பிக்கொண்டிருக்கும் இந்த நாளில், ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைவர்களை வைத்துச் சோறு போடும் பாக்கியம் பெற்றவள் நான். ஒருவர் என் கணவர். மற்றவர் அவருடைய அண்ணன். சோறு போடுவதில் என் ஓரகத்திக்கும் பாதிப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

எங்கள் வீட்டில் மூன்று கணினிகள். கூடத்தில் இருப்பது பெரியவருடையது. மாடி அறையில் இருப்பது என் கணவருடையது. சாமான் அறையில், சலவை இயந்திரத்துக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் இருப்பது என்னுடையது. மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக அலமாரி மேல் ஒரு பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

வீடுகளுக்குக் கதவு எண் இருப்பதுபோல, இந்த வலையில் ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் வேண்டும். பெட்டியே அதைக் கொடுத்துவிடும். எனக்கு ஏதோ ஓர் எண் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். தனக்கென்று அது வரிசையின் கடைசி எண்ணை வைத்துக்கொண்டது. ஆனால் தலைவர்கள் போயும் போயும் ஒரு பெட்டியிடம் கையேந்துவார்களா? பெரியவர் தன் கையாலேயே "ஒன்று" என்று போட்டுக்கொண்டார். வீட்டுக்கு மூத்தவர் என்பது காரணம். மாடியில் என் கணவரும் "ஒன்று" என்று போட்டுக்கொண்டார். பெட்டியை வாங்கியவர் என்பது காரணம். இரண்டுமே மறுக்க முடியாத காரணங்கள்.

விளைவு சாதாரணமானதுதான். யார் முதலில் கணினியைத் திறக்கிறாரோ, எண் அவருக்கு. மற்றவருடைய கணினி, "இந்த எண்ணை வேறொரு கணினி பயன்படுத்துகிறது" என்று அறிவித்துவிட்டு வலைக்கு வெளியே நின்றுவிடும். எத்தனை மருத்துவர்கள் சொல்லியும் நடைப்பயிற்சிக்கு எழாத பெரியவர், இதற்காக விடியுமுன் எழ ஆரம்பித்தார். என் கணவருக்குத் தொலைநோக்கு அதிகம். கணினியை அணைப்பதையே நிறுத்திவிட்டார்.

இந்த மகத்தான ஆட்சிக் காலத்தில்தான் என் அற்ப வேலை குறுக்கே வந்தது. கழுதை ஒன்று கடலைப் பார்க்கப் போகும் குழந்தைக் கதைக்குப் படம் வரைந்திருந்தேன். என் முதல் புத்தகம். அட்டையில் உன் பெயரும் வரும் என்று பதிப்பக அம்மாள் சொன்ன அன்று, சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். படங்களை அனுப்பக் கடைசி நாளும் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

பெரிய ஸ்கேனர் கூடத்தில் இருந்தது. பெரியவரே அன்போடு எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து கொடுத்தார். கொடுத்தார் என்றால், தன் கணினிக்குள் வைத்துக்கொண்டார். அதுவோ வலைக்கு வெளியே நின்றது. பென்டிரைவ் செருகும் ஓட்டைகளை "வைரஸ் தடுப்பு நடவடிக்கை"யாக அவர் என்றோ பசை ஊற்றி அடைத்துவிட்டார். கடவுச்சொல்லும் அவருக்கு மட்டுமே தெரியும்.

நிலைமையின் தீவிரம் கருதி, சாப்பாட்டு மேசையில் உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம் கூடியது.

"கேபிளைக் கழட்டி ஊதிப் பாத்தீங்களா?" என்றார் பெரியவர்.

"பெட்டி இன்னும் உயரமா இருக்கணும் அண்ணே," என்றார் என் கணவர். பெட்டி அலமாரியிலிருந்து பரணுக்குப் பதவி உயர்வு பெற்றது. படங்கள் நகரவில்லை.

அடுத்து உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். புது இணைப்புக்கு ஒன்றை அழுத்தவும், கோளாறுக்கு இரண்டை அழுத்தவும் என்றது குரல். என் கணவர் ஒன்றை அழுத்தினார். புது இணைப்பு தர நாளை ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நம்பர்ல இருக்கு. யாராவது ஒருத்தர் ரெண்டுன்னு மாத்திக்கிட்டா போதும்."

சொத்தில் பங்கு கேட்டவளைப் பார்ப்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நம்பர்ல என்னம்மா இருக்கு?" என்றார் பெரியவர். "அவனை மாத்திக்கச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் கவுரவப் பிரச்சினை இல்ல," என்றார் என் கணவர். "ஆனா அவரே மாத்திக்கிட்டா நல்லாருக்கும்."

அவரைத் தனியே அழைத்துப் போனேன். "என்னங்க, மாத்த வேணாம். ஒரு அரை மணி நேரம் உங்களோடதை அணைச்சு வைங்க. மாமாவோடது உள்ள வந்துடும், நான் படத்தை அனுப்பிடறேன்."

"நான் அணைச்சா அவர் உக்காந்துடுவாரே! அப்புறம் எழுப்ப முடியுமா?"

"உங்க கம்ப்யூட்டர்ல இப்ப என்ன ஓடுது?"

"சீட்டாட்டம்," என்றார். "பாதியில நிக்குது."

"பேசாம மாடிக்குப் போய் பிளக்கைப் பிடுங்குடி," என்றார் அக்கா. போனேன். அறை பூட்டியிருந்தது. சாவி தலைவரின் சட்டைப்பையில்.

நான் இறங்கி வருவதற்குள் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"மூணாவதா ஒண்ணு வந்தப்புறம்தானேடா இந்தத் தொல்லை?" என்றார் பெரியவர்.

"நானும் அதேதான் நினைச்சேன் அண்ணே!"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக, இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. கண்கொள்ளாக் காட்சி. சாமான் அறைக் கணினியைத் துண்டிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. என் கேபிளைச் சுருட்டி, சுருக்கம் விழாமல் நூல் போட்டுக் கட்டி, என் கையிலேயே கொடுத்தார்கள்.

ஐந்தரைக்குப் பதிப்பக அம்மாள் கூப்பிட்டார். "வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்மா. அச்சகம் காத்திருக்காது. மனசுல வெச்சுக்காதே."

"சரிங்கம்மா," என்றேன். கேபிளை மடியில் வைத்துக்கொண்டு சலவை இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை சந்தோஷத்தில் இல்லை.

தலைவர்கள் இருவரும் ஓடி வந்தார்கள். பிறர் கண்ணீர் பொறுக்காத மனசு இருவருக்கும்.

"அழாதேம்மா. உன்னோடதையும் முறைப்படி வரிசையில சேத்துடறோம்," என்றார் பெரியவர்.

"நல்ல நம்பராவே தரோம்," என்றார் என் கணவர். "ரெண்டை எடுத்துக்கோ."

"தாராளமா எடுத்துக்கோ. இத்தனை நாளும் யாருக்கும் வேண்டாம சும்மாதானே கிடக்கு!" என்றார் பெரியவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரையும் நிமிர்ந்து பார்த்தேன். "அந்த நம்பர்ல அரை மணி நேரம் ஒரு ஆம்பளை உக்காந்திருந்தா, என் பேரு இன்னிக்கு அட்டையில இருந்திருக்கும்."

"கேட்டுக்கோடா!" என்றார் பெரியவர், தம்பியிடம்.

"கேட்டுக்குங்க!" என்றார் என் கணவர், அண்ணனிடம்.