நீலாவின் முகத்துக்குப் பின்னால் பத்துக் கேள்விகள்

லாலாகுடா,
ஞாயிறு காலை

அன்புத் தம்பி ஜகதீசனுக்கு, அண்ணா அனந்தகிருஷ்ணன் எழுதுவது. இங்கே நானும் நம் தங்கை நீலாவும் சௌக்கியம். உன் மனைவி கல்பகத்துக்கு முழங்கால் வலி விட்டுப் போகவும், குழந்தை வர்ஷினியின் கல்யாண வேலைகள் ஒரு குறையுமில்லாமல் நடக்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலத்தில், பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக் காப்பி அடித்த ஒருத்தியைப் பிடித்து, "இதுவும் திருட்டுதான்" என்றேன். அவள் அழாமல் கேட்டாள்: "சார், அவ விடை அவ பேப்பர்லயே பத்திரமா இருக்கே. அப்போ நான் எதைத் திருடினேன்?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்க அவளை வெளியே நிற்க வைத்தேன். பதில் போன மாதம்தான் கிடைத்தது. அதற்கு நம் நீலாவே உதாரணமாகிப் போனாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, நடுவில் திட்டாதே.

எங்கள் காலனிச் சங்கத்துச் செயலாளர் தேவராஜ் உனக்குத் தெரியும், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு யார் யாரோ போன் செய்து, "உங்க கார்டு ரத்தாகப் போகுது, ஓடிபி சொல்லுங்க" என்று ஏமாற்றுகிறார்களாம், சங்கத்தில் வந்து பேச வேண்டும் என்றார். பேசுவதென்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? சும்மா பேசினால் மனதில் நிற்காது என்று இந்த ஊர்க்காரர்களுக்காகத் தெலுங்கில் பத்துக் கேள்வி தயார் செய்து, தேவராஜ் வீட்டு பிரிண்டரில் முப்பது தாள் எடுத்தேன். புதுத் தாள் வாங்க மனசு வரவில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் காகிதத்தை வீணாக்கினால் எனக்குச் சோறு இறங்காது, அது வாத்தியார் வியாதி. நம் அலமாரியிலோ ஒரு பக்கம் வெறுமையான தாள் கட்டுக்கட்டாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய் பிரிண்டரில் வைத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு நல்ல கும்பல். நான் உதாரணத்தின் மேல் உதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனேன். "உங்கள் ஆதார் எண் என்பது வீட்டுச் சாவி மாதிரி, சாவியை யாராவது தெருவில் போடுவார்களா?" என்று கேட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நீலா மட்டும் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தப் பக்கம் இருக்கிற மூஞ்சி யாரோடது?" என்றாள். பார்த்தால், டேய், அவளோடதுதான்! ஆதார், மாற்றுத்திறன் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், மூன்றையும் ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்து, "இருக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்" என்று வருஷா வருஷம் நான் சேர்த்து வைத்த கட்டு அது. சாவியைத் தெருவில் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே முப்பது பேருக்கு சாவி விநியோகம் செய்திருக்கிறேன்.

"உட்கார்ந்த இடத்துலேர்ந்து யாரும் எந்திரிக்காதீங்க!" என்று பரீட்சை ஹாலில் கத்துவது போல் கத்தினேன். இருபத்தெட்டு தாள் அங்கேயே வந்துவிட்டது. வாசலில் ஆட்டோ ஆண்டனி ஒன்றை மடித்துத் தன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னா சார், கொடுத்ததைத் திருப்பி வாங்குறீங்க, கைக்கு?" என்று, ஏன் என்பதற்கு இந்த ஊர்ச் சொல்லில் கேட்டான்; பிடுங்கிக்கொண்டேன். மிச்சம் ஒன்று. தேவராஜ் பெருமையாக, "அதை நான் பஸ் ஸ்டாப் கம்பத்துல ஒட்டிட்டேன் சார், நாலு பேர் படிக்கட்டுமே" என்றார். ஓடினோம். கம்பத்தில் நாலு மூலை டேப் மட்டும் இருந்தது, தாள் இல்லை.

தாளை எவனோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறான் தம்பி. அந்த உதவித்தொகை பெரிய தொகை இல்லை, ஆனால் அது நீலாவோடது. என்னைக் கேட்காமல் ஆட்டோ பிடிப்பாள், தையலுக்கு நூல் வாங்குவாள், தோழிகளோடு சினிமாவுக்குப் போவாள். அது போய்விட்டால் இந்த ஐம்பத்திரண்டு வயதில், "அண்ணா, ஆட்டோவுக்கு" என்று என்னிடம் கை நீட்ட வேண்டும். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "கிளம்பு, பேங்க் மூடறதுக்குள்ள சொல்லணும்" என்றாள். நாங்கள் போவதற்குள் மூடிவிட்டார்கள்; மறுநாள் காலை முதல் ஆளாக நின்றோம். எழுதிக் கொடுத்தோம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்க வழியிருக்கிறதாம், அதையும் அவளே செய்தாள். ரேகைக்குப் பூட்டு! எனக்கு நாற்பது வருஷ சர்வீசில் தெரியாது.

நாலாம் நாள் மத்தியானம், அந்த நகலில் இருந்த நீலாவின் நம்பருக்கே போன் வந்தது. நீலா ஸ்பீக்கரில் போட்டாள். தெலுங்கில் பேசினான், நான் தமிழில் எழுதுகிறேன். "நீலா மேடம், பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து பேசறோம், உங்க கார்டு இன்னிக்கே ரத்தாகுது, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

"நான் எந்த நீலான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நீலா.

பிறந்த தேதி, அப்பா பெயர், ஊனம் அறுபது சதவீதம், எல்லாம் ஒப்பித்தான். நான் போனைப் பிடுங்கப் போனேன். அவள் கையால் என்னைத் தடுத்துவிட்டு, "ஹவ், ஆமா, எல்லாம் சரியா இருக்கு. பேப்பர் கையிலதானே இருக்கு? கொஞ்சம் திருப்புங்க. மூணாவது கேள்வியைப் படிங்க" என்றாள்.

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். "பென்ஷன் ஆபீசிலிருந்து என்று சொல்லி ஒருவர் ஓடிபி கேட்டால்..." என்று படித்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"நிறுத்தாதீங்க, நான் சொல்றேன். அ, உடனே கொடுக்கலாம். ஆ, போனை வைத்துவிடலாம். எது சரி?"

பட்டென்று போனை வைத்துவிட்டான். சரியான விடை! என் மாணவர்களில் விடையை உடனே செய்து காட்டியவன் அவன் ஒருவன்தான். நாங்கள் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடித்து அவன் எண்ணைக் கொடுத்துவிட்டோம். இந்த மாத உதவித்தொகை ஒழுங்காக வந்துவிட்டது. நீலா நேற்று என்னைக் கேட்காமல் ஆட்டோ பிடித்துப் போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

காப்பி அடித்த அந்தப் பெண்ணைப் பார்த்தால் பதில் சொல்வேன்: அம்மா, நீலாவின் கார்டு நீலாவிடமே இருந்தது போல விடை அவளிடமே இருந்தது, ஆனால் இது என்னுடையது என்று அவள் ஒருத்தி மட்டும் சொல்லும் உரிமை போய்விட்டது. அதைத்தான் நீ எடுத்தாய்.

கல்பகத்துக்கு என் அன்பு. குழந்தைக்கு நூறு வயசு இருக்கட்டும். கடிதத்தில் உள்ளதை ஊரெல்லாம் சொல், என் பெயரை மட்டும் விட்டுவிடு.

உன் அண்ணா,
அனந்தகிருஷ்ணன்

பின்குறிப்பு: கல்யாணத்துக்கு லாட்ஜில் கீழ்த்தள அறை போட நீலாவின் ஆதார் நகல் கேட்டிருந்தாயே, அதை இந்தக் கவரிலேயே வைத்து ஒட்டப் போனேன். நீலா பிடுங்கிவிட்டாள். "இவ்வளவு எழுதியும் வெறும் நகலையே அனுப்பறியே, நீ எல்லாம் வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு, அதன் மேல் குறுக்கே என்னவோ எழுதித்தான் திருப்பிக் கொடுத்தாள். இணைத்திருக்கிறேன். அவள் செய்ததை நீயும் செய்து பார்: இன்றைக்கே உன் வீட்டு ஆதார் நகல் ஒன்றை எடுத்து, எண்ணும் படமும் மறையாமல், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று தடித்த பேனாவால் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடு.