பீடிப் புகையால் வீடு பார்த்தவர்

சூட்டின் குணம் அறிந்த மனிதர் இந்த நெகிரி செம்பிலானில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

செக்ரோல் என்னும் கூலிக் கணக்குப் புத்தகத்தில் அவருடைய சொந்தப் பெயரை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் பின்னாளில் எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ஓட்டைக்காரர். லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அவர் புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயவைப்பவர். இருபது வருஷமாக ஒரு கட்டடத்துக்குள் சூட்டை ஏற்றுவதும் அளவாக வெளியே விடுவதுமாக வாழ்ந்ததில் அவருக்குக் கண் சிவந்துபோயிருந்தது, நாக்கும் கொஞ்சம் கரிந்துபோயிருந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசரகாலம் வந்தது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம். பழைய லயத்து வீடுகளிலிருந்து எல்லாரையும் கிளப்பி முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். அறுபத்திரண்டு வீடு. அத்தனைக்கும் தகரக் கூரை. மரங்களை எண்ணலாம் என்று சுற்றி வந்தேன். எண்ணுவதற்கு ஒன்றுகூட இல்லை. யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டியிருந்தார்கள்.

குடிபோன மூன்றாம் நாள் ஓட்டைக்காரர் புகைவீட்டு வெப்பமானியைக் கொண்டுவந்து என் வீட்டில் தொங்கவிட்டார்.

"கிராணி, ஒங்க வீட்டுல ஷீட்டத் தொங்கப் போட்டா நாலு நாள்ல காஞ்சிடும் லா. வெறகுகூட வேணாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு அப்போது நான்கு மாதம். முதுகில் மட்டும் நூற்றுப் பதினான்கு வேர்க்குரு. மத்தியானமானால் பால் குடிக்கமாட்டாள். அழவும் மாட்டாள், அதுதான் பயமாக இருந்தது. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரசர் வந்து பார்த்தார். "குளிர்ச்சியான எடத்துல வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

"ஓட்டைக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. நான் தயங்கியதற்குக் காரணம், ஆட்களை வேலை வாங்கும் மண்டோருடைய வீடு.

ஓட்டைக்காரர் முதலில் கை வைத்தது அங்கேதான். சுவரடியில் ஏழு ஓட்டை போட்டார். காற்று வந்தது. காற்றோடு பக்கத்து வீட்டு அடுப்புப் புகையும் நெத்திலிக் கருவாட்டு நாற்றமும் சேர்ந்து வந்தன.

"ஏன்யா, என் பொண்டாட்டி ரசம் வச்சாலும் கருவாட்டு வாடை அடிக்குதே!" என்று மண்டோர் கத்தினார்.

"சும்மாதான வருது மண்டோரே, மோந்துகிட்டே சாப்புடுங்களேன்."

மண்டோர் விறகுக்கட்டையோடு அவரை இரண்டு சுற்று துரத்தினார். வேலி இல்லாமலிருந்தால் ஓட்டைக்காரர் போர்ட்டிக்சன் போய்ச் சேர்ந்திருப்பார்.

அதன் பிறகு, பீடி பற்றவைத்துக் காற்றின் போக்கைப் பார்க்காமல் அவர் எந்தச் சுவரையும் தொட்டதில்லை. என் வீட்டுக்கும் வந்தார். மூலையில் குந்தினார். தரையைப் பார்த்து ஊதினார்.

"கைக்கொழந்த இருக்கிற வீட்டுல பீடியாண்ணே?" என்றாள் மனைவி.

"ஒரே இழுப்புதான் தங்கச்சி. பாத்தியா, பொக மேல ஏறித் தகரத்துக்கிட்ட போயி நிக்குது. இந்தச் சூடும் அப்படித்தான். வெளிய போவத்தான் பாக்குது, வழி இல்ல. பாவம்."

எங்களை வேகவைத்துக்கொண்டிருந்த சூட்டின் மேல் அவருக்கு இரக்கம்!

"எப்படியாவது செஞ்சு குடுங்கண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். நான்தான் கேட்டேன். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிழல் விழும் பின்சுவரில் தரையை ஒட்டி ஏழு ஓட்டை. கூரை முகட்டுத் தகரத்தை நாலு விரல் தூக்கிக் கட்டை கொடுத்தார். தகரத்துக்குக் கீழே லாலாங் புல்லைத் தட்டியாகப் பின்னிக் கட்டினார். மறுபடியும் பீடி. இந்தத் தடவை புகை எங்கும் நிற்காமல் மேலே ஏறி முகட்டு வழியாகப் போய்விட்டது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மகள் பால் குடித்தாள்.

ஒரு மாதத்தில் முப்பத்தோரு வீடு, இருநூற்றுப் பதினேழு ஓட்டை. மண்டோரே வந்து, "எனக்கு அந்தப் பக்கமா போட்டுக் குடுய்யா" என்று கேட்டார்.

பிறகு சோதனை வந்தது. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி என் வீட்டின் பின்னால் குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எதிரே பத்தடியில் வேலி. இதன் வழியாகத்தானே அரிசி போகிறது என்றார். இங்கிலீஷ் படித்தவன் என்பதால் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அரிசி வெளிய போகல, காத்துதான் உள்ள வருதுன்னு தொரகிட்ட சொல்லுங்க கிராணி" என்றார் ஓட்டைக்காரர். சொன்னது போதாதென்று பீடியைப் பற்றவைத்துக் குந்தி, ஓட்டைக்குள் ஊதியும் காட்டினார். காற்று அந்த நேரம் பார்த்துத் திரும்பியதோ என்னவோ, புகை முழுவதும் துரையின் முகத்துக்கே வந்தது. காவலுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

யார் போடச் சொன்னது என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். என் பக்கத்தில் மனைவி குழந்தையோடு நின்றாள். ஓட்டைக்காரர் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரும் கேக்கல. நானாத்தான் போட்டேன். அப்படியே சொல்லுங்க கிராணி."

சொன்னேன். இங்கிலீஷில் ஆறு சொல். ஒரு பிழை இல்லை.

லாரியில் ஏற்றும்போதும் அவர் தன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "கீழதான் அடைப்பாங்க. முகட்ட யாரும் பாக்கல, அத மூடிடாதீங்க! கதவடியில ரெண்டு வெரக்கட விட்டா போதும்!" என்று கத்திக்கொண்டே போனார். முகாமில் வைத்திருந்து பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டதாகக் கேள்வி. ஓட்டைகளை அடைக்க இருநூற்றுப் பதினேழு மர ஆப்புகளை வீடு வீடாக எண்ணிக் கொடுத்தவன் நான். கதவடியில் இரண்டு விரற்கடை அறுத்து எடுத்ததும் நான்தான். மகள் பிழைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன மாதம் செண்டாயானில் அவளுடைய புது வீட்டுக்கு ஏர்கான் மாட்ட ஆள் வந்தான். மாட்டி முடித்ததும் நான் மூலையில் குந்தி ஒரு பீடியைப் பற்றவைத்தேன்.

"அப்பா! ஏர்கான் ரூம்ல பீடியா? எம்பத்தொன்பது வயசுல இது என்ன புதுப் பழக்கம்?"

"ஒரே இழுப்புதாம்மா."

சுவரில் குழாய் போகும் இடத்தில் இடைவெளி விட்டிருந்தான். புகை நேராக அதைத் தேடிப் போயிற்று. குளிர் காற்றும் அப்படித்தானே போகும்? "ஓகே லா அங்கிள்" என்று நழுவப் பார்த்தவனைப் பிடித்து நிறுத்தி, பூசி அடைக்கச் சொன்னேன்.

ஓர் ஓட்டையை அடைத்ததற்காக மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. அதை மனதுக்குள் கேட்டால் போதாது. எதிரே அவர் குந்தியிருக்க வேண்டும், அந்தப் புகைக்கு நான் இரும வேண்டும்.