தாணு மாமா குற்றவாளியான ஞாயிற்றுக்கிழமை

கூட்டம் சேர்க்கத் தெரியாதவர்கள் பொதுச்சேவைக்கு வரக்கூடாது. சமூகப்பணிப் படிப்பில் எனக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். காலி நாற்காலிகளை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

படிப்பு முடிந்த கையோடு நாகர்கோவிலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கழுத்தில் 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை தொங்கும். (திட்டத்தில் என்னைத் தவிர வேறு ஊழியர் கிடையாது. என்னை நானே ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தேன்.)

திட்டம் நல்ல திட்டம். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. வாய்த்தகராறு, கைகலப்பு போல, இருதரப்பும் சமாதானமாகப் போகச் சட்டமே இடம் கொடுக்கிற சின்ன வழக்குகள் உண்டு. அவற்றைச் சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்காமல், விசாரணை தொடங்கும் முன்பே நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பும். அடித்தவர் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு ஆசுபத்திரியில் வேலை செய்ய வேண்டும். எங்களிடம் வந்து உட்கார்ந்து, ஏன் கை ஓங்கினோம் என்று பேச வேண்டும். இரண்டையும் முடித்தால், அடிவாங்கியவர் ராஜி மனு போடுவார். வழக்கு அதோடு தீரும். பெயரில் கறை இருக்காது.

நடத்துகிற விதம் இவ்வளவு எளிது. நடத்துவதற்கு யார் செலவு செய்வது என்பதில்தான் சிக்கல். நாங்கள் உட்கார நீதிமன்றம் ஓர் அறை கொடுத்தது. அரசு நல்வாழ்த்துகள் கொடுத்தது. மீதியெல்லாம் சென்னையில் ஓர் அறக்கட்டளையின் தயவு. அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துக் கொடுப்பார்கள். அதாவது, மாவட்டத்தில் ஆட்கள் ஒழுங்காக அடித்துக்கொண்டால்தான் எனக்குச் சம்பளம். அவர்கள் அனுமதித்த செலவுத் தலைப்புகளில் விளக்குமாற்றுக்கு இடம் இல்லாததால், எங்கள் செயலாளர் அதைத் 'தொழில்நுட்ப உபகரணம்' என்று எழுதினார். தேநீருக்கு எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை. அது என் கைக்காசு.

எங்களிடம் மொத்தம் நாலு பேர் இருந்தார்கள். அதில் முக்கியமானவர் கடியப்பட்டணத்துச் சகாயராஜ். குளச்சல் ஏலக்கூடத்தில் விலை படியாமல், ஏலக்காரரை ஒரு சூரை மீனால் அடித்துவிட்டார். நல்ல எடையுள்ள மீன். காவல் நிலையத்தில் ஆயுதம் என்ற இடத்தில் 'மீன்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பறிமுதல் செய்து ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் நிலையமே நாற்றம் தாங்க முடியாமல் கடலுக்குத் திருப்பி அனுப்பியதாகப் பேச்சு.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவருக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. பஹ்ரைனில் படகு வேலை ஒன்று தயாராக இருந்தது. ஊரில் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று கொடுத்தால்தான் விசா. ஆசுபத்திரியில் தள்ளுவண்டி தள்ளி, வராந்தா கழுவி, பாதி வாரங்களை முடித்திருந்தார். நடுவில் திட்டம் நின்றுபோனால் வழக்கு மறுபடி விசாரணைக்குப் போகும். வேலை அதுவரை காத்திருக்காது. அவர் மனைவி ஒருமுறை என்னிடம் வந்து, "பிள்ளே, இது இடையில நின்னுராதுல்லா?" என்று கேட்டாள். நிற்காது என்று சொன்னேன். அட்டை தொங்குகிற தைரியத்தில் சொன்னது.

அந்தச் சமயத்தில்தான், அடுத்த வருடமும் பணம் தரலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து மேடம் வருவதாகத் தகவல் வந்தது. வருகிற ஞாயிறு, குளச்சலில் ஒரு சமுதாயக்கூடத்தில் கூட்டம். நாலு பேரில் ஒருவர் கடலுக்குப் போயிருந்தார். ஒருவருக்குப் புதுக்கடையில் மச்சினன் கல்யாணம். மிச்சம் இரண்டு பேர். செயலாளர், "கூடம் நிறைஞ்சிருக்கணும்மா. பொதுமக்கள் ஆதரவு தெரியணும்" என்றார். எனக்குத் தெரிந்த பொதுமக்கள் என் வீட்டார்தான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுசீந்திரம் பக்கத்துச் சொந்தங்களை எல்லாம் திரட்டி, ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். போகிற வழியில் கடற்கரை பார்க்கலாம் என்று ஆசை காட்டியிருந்தாள் போல. இரண்டு சித்திகள் மாற்றுத்துணியோடு வந்திருந்தார்கள்.

வேனிலிருந்து கடைசியாக இறங்கியவர் தாணு மாமா. அம்மாவின் அண்ணன். கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் ஒழுங்கு என்றால் அவர், அவர் என்றால் ஒழுங்கு. என் திட்டம் அவருக்கு அறவே பிடிக்காது. "அடிச்சவனுக்குச் சாயா வாங்கிக் குடுக்கதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு படிப்பு" என்பார். அன்றைக்கு அவரை அத்தைதான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். முந்தின நாள் அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே லேசாகக் கறுத்து, சவரம் செய்யாத முகத்தோடு, வாயைத் திறக்கவே எரிச்சல்பட்டுக்கொண்டு வந்தார். தெருச்சண்டையில் தோற்ற ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

சகாயராஜோ மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடித்து நேராக வந்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா.

எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காக மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடலாம் என்று சொன்னது நான்தான். (அந்த யோசனைக்கு எங்கள் கல்லூரியில் மதிப்பெண் கிடைத்திருக்கிறது.) கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. இடுப்புவலிக்காரரான மாமா அதில் போய் உட்கார்ந்தார். அது சகாயராஜுக்குப் பக்கத்து நாற்காலி.

மேடம் வந்தார். அமைதியான, அன்பான பெண்மணி. வட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரருக்கு வணக்கம் சொன்னார். பிறகு கன்னம் வீங்கியிருந்த மாமாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். நான் எதிரே தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன்.

"எத்தனை நாளா வர்றீங்க ஐயா?"

"இன்னைக்குத்தான் மொதல்ல."

"நீங்களா வந்தீங்களா?"

"வீட்டுக்காரி இழுத்துட்டு வந்துட்டா."

மேடம் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டினார். "இதுக்கு முன்னாடி?"

"பேங்க்ல. முப்பது வருசம்."

"ஓ, பணம் சம்பந்தமானதா?"

மாமா அவரை விநோதமாகப் பார்த்தார். "பணம் இல்லாம பேங்க் ஏது?"

அப்போதே போய், மேடம், இவர் என் மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த எங்கள் நிறுவனச் செயலாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மேடம் யாருடனோ மனம்விட்டுப் பேசுகிறார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. நான் தட்டோடு நின்றேன்.

"அதிலிருந்து எப்படி வெளியே வந்தீங்க?"

"வயசாச்சுல்லா. விட்டுட்டாவ."

"இப்ப நினைச்சா வருத்தமா இருக்கா?"

"எதுக்கு வருத்தம்?" மாமாவுக்குப் பல்வலியையும் மீறிப் பெருமிதம் வந்துவிட்டது. "எல்லாரும் செஞ்சதுதான். நான் கொஞ்சம் கூடுதலாவே செஞ்சேன். பின்னால வந்தவனுவளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. அவ்வளவு வெளிப்படையான ஆளை அவர் பார்த்ததில்லை போலும். எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு சின்னப் பயிற்சி செய்யலாமா என்றார். யாரைக் காயப்படுத்தினோமோ அவர் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பிறகு மாமாவின் தோளில் கை வைத்து, "தைரியமா பேசினீங்க. நீங்களே தொடங்குங்க. நீங்க ஏமாத்தின ஒருத்தரை மனசுல நினைச்சுக்குங்க" என்றார்.

மாமாவின் முகத்தில் வீங்காத பக்கமும் சிவந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாருட்டி, யாரைப் பாத்து..." என்று தொடங்கியவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் வலி சுண்டி இழுக்க, வார்த்தை நின்றுபோனது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலும் நீர்.

அப்போது சகாயராஜ் மாமாவின் கையைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார். அவரும் மாமாவைப் பற்றி மேடம் நினைத்ததைத்தான் நினைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, இரியும்" என்றார். "மொத நாளு எனக்கும் இப்பிடித்தான் நெஞ்சு அடைச்சுது. எல்லாரும் நம்மளையே பாக்குத மாதிரி இருக்கும். போகப் போகச் சரியாவும். தெரியல்லண்ணா சொல்லாண்டாம், நான் சொல்லுதேன்." பிறகு எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "பிள்ளையளுக்க முன்னால உம்மை அடிச்சிட்டேன் ஓய். அதுதான் எனக்கு ஆறல்ல" என்றார். ஏலக்காரரின் மகன்கள் அன்று ஏலக்கூடத்தில் நின்றிருந்தார்களாம். இத்தனை வாரத்தில் என்னிடம் அவர் அதைச் சொன்னதில்லை.

மாமா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, எனக்குள் புதைந்து கிடந்த நேர்மை எழுந்து நின்றது. "மேடம், அவரு எங்க மாமா" என்றேன். தட்டு சாய்ந்து தேநீர் முழுவதும், என்னைத் தடுக்க ஓடிவந்த செயலாளரின் வேட்டியில் போனது. மேடம் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், வட்டத்தில் இருந்த சித்திகளைப் பார்த்தார். பொதுமக்கள் ஆதரவு என்று விளக்கினேன். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் சிரிப்பு ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது.

மேடம் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். மாமா தலையை மட்டும் அசைத்தார். பிறகு மேடம் வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்து, உண்மையில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர், இன்று இரண்டு பேர் என்றேன். "இரண்டு பேர்கிட்டயே பேசியிருப்பேனேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். மாமா மட்டும் ஜன்னலோரமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். இரணியல் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தம்மா ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல மக்கா. பாவம் போலப் பாத்தாவல்லா, அதுதான் தாங்க முடியல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயலுக்கு இன்னும் எத்தனை வாரம் கெடக்கு?" என்று கேட்டார்.

அடுத்த வருடத்துக்குப் பணம் வரவில்லை. செலவுக்கு ஏற்ற ஆட்கள் இல்லை என்பது காரணம். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம், ஆனால் ஊழியருக்குச் சம்பளம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். நான் திருநெல்வேலியில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஞாயிறுதோறும் சகாயராஜ் வந்து வேலை செய்தார் என்று கையெழுத்துப் போடப் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும். யாரும் கேட்காமலே மாமா பஸ் ஏறிக் குளச்சலுக்குப் போக ஆரம்பித்தார். அத்தை காரணம் கேட்டதற்கு, "அவன் வேலை செய்யானா, சாயா குடிச்சிட்டு இருக்கானான்னு பாக்காண்டாமா?" என்றாராம். ஆசுபத்திரியில் நர்சுகள் அவரையும் வழக்கில் வந்தவர் என்றே நினைத்து, ஒருமுறை கையில் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். மாமா மறுத்துப் பேசவில்லை. வராந்தாவைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். இதைச் சகாயராஜ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ராஜி மனு போட்டு வழக்கு முடிந்து, சகாயராஜ் பஹ்ரைன் போனார். பண்டிகைக்கு மாமாவுக்குத்தான் போன் செய்வார். எனக்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், நான் வேலை பார்த்த இடமென்று குளச்சல் பக்கமும் விசாரித்திருக்கிறார்கள். குடும்பம் நல்ல குடும்பம், பெண்ணின் தாய்மாமா மட்டும் ஏதோ வங்கிக் கேசில் மாட்டி, ஆசுபத்திரியில் வேலை செய்து கழித்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் சம்மதித்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டார்கள். விவரம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு விளக்கியும் என் மாமியார் நம்பவில்லை. தாய்மாமாவை விட்டுக்கொடுக்காத நல்ல பெண் என்று என் மேல் மதிப்புதான் கூடியது.

போன ஓணத்துக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாமியார் அவர் இலைக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "இப்பம் தொந்தரவு ஒண்ணும் இல்லியே?" என்று விசாரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "இப்பம் நல்லபடியா இருக்கேன்."

மாமியார் மனம் நிறைந்து, அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.