நீல முக்கோணத்தில் நான் செய்த திருத்தம்

என் மருமகள் அமுதாவின் ஓவியத்தைக் கெடுத்தவன் நான்தான். கெடுத்துவிட்டுப் பழியைப் பல்லிமேல் போட்டேன். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்தைந்து வருடம் பெஞ்சுமேல் ஏற்றிய கணக்கு வாத்தியார் செய்த வேலை இது.

அமுதா வரைவதெல்லாம் முக்கோணங்களும் பட்டைகளும்தான். (கண், மூக்கு தேடக்கூடாது. தேடி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.) சிதம்பரத்தில் அவளுடைய முதல் கண்காட்சிக்கு நான்கு நாள் இருந்தது. கூடத்தைப் பார்த்துவர அவள் பஸ் ஏறிய பிறகு, எங்கள் கடலூர் வீட்டு மாடியில் அந்தப் பெரிய கான்வாஸ் முன் போய் நின்றேன். மஞ்சள் பரப்பில் இரண்டு நீல முக்கோணங்கள். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நூலிழை தள்ளி நின்றன. 'பாவம், அளவு தப்பிவிட்டது' என்று என் கை பரபரத்தது.

ஸ்கேல் வைத்தேன். காகித டேப்பை ஒட்டினேன். அவளுடைய நீலத்தையே எடுத்துப் பூசினேன். நன்றாகக் காயட்டும் என்று மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு தூக்கமும் போட்டேன். எழுந்துவந்து டேப்பை இழுத்தால், காலையில்தான் அவள் முனைகளைச் சுற்றித் திருத்திப் பூசியிருந்த மஞ்சளும் தோலாக உரிந்து வந்தது. டேப்புக்கு அடியில் நீலம் கசிந்து முக்கோணத்துக்கு மீசை முளைத்திருந்தது.

சாயங்காலம் திரும்பிய அமுதா நேராக மாடிக்கு வந்தாள்.

"என்னா மாமா இது?"

"பல்லி விழுந்துடுச்சும்மா."

"பல்லி ஸ்கேல் வச்சு கோடு போட்டுச்சா?"

பின்னாலேயே வந்த என் மனைவி, "உங்க சட்டையிலயும் நீலம் இருக்குது. கைய தொடச்சிட்டுப் போயிடுச்சா?" என்றாள்.

அமுதா திட்டியிருந்தால் தேவலை. "அந்த இடைவெளிதான் மாமா படமே. எத்தினி நாள் தள்ளித் தள்ளி வச்சுப் பாத்தேன் தெரியுமா," என்றாள்.

"நான்தாம்மா செஞ்சேன். பொய் சொன்னதுக்கும் சேத்து மன்னிச்சுடு. என்னா வேலை குடுத்தாலும் செய்றேன்."

கொடுத்தாள். மறுநாள் முழுக்க உப்புத்தாளால் தேய்த்தேன். (தோள்பட்டை இன்னும் என்னோடு பேசுவதில்லை.) அவள் மஞ்சளை இரண்டு முறை பூசி, ஒரு நாள் காயவிட்டாள். பிறகு டேப்பை ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்தச் சொன்னாள். நான் நீலத்தை எடுக்கப் போனேன்.

"இருங்க மாமா! மொதல்ல டேப் ஓரத்துல மஞ்சளையே பூசணும். கசிஞ்சா மஞ்சள்தான் கசியும். அதுக்கு மேலதான் நீலம்."

நீலம் ஈரமாக இருக்கும்போதே, சாய்வாக, மெதுவாக இழுக்க வேண்டுமாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கத்தியால் வெட்டியது போல் கோடு. முனைகளுக்கு நடுவே அதே நூலிழை இடைவெளி. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

ஓவியம் நேரத்துக்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் அதைத்தான் மாட்டினாள். அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து அவள் படங்களுக்கெல்லாம் டேப் இழுப்பவன் நான்தான். யாராவது போனில் என்னைக் கேட்டால், என் மனைவி மாடியைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "அவரு வேலைக்குப் போயிருக்காரு. லீவு வேணும்னா எங்க மருமவ கிட்ட கேளுங்க."