உடம்புக்குள் ஒரு பஞ்சாயத்து

வடக்குப்பட்டு,
ஆவணி மாதம், 2012.

மதிப்பிற்குரிய மச்சான் ரகுபதி அவர்களுக்குக் கோதண்டராமன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கேயும் அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமே என்பீர்கள். அடுப்பங்கரையில் மிக்சி ஓடினாலும் நான் போனில் முணுமுணுப்பது உங்கள் தங்கச்சிக்குக் கேட்டுவிடும்.

எதிரே கார் பாகம் செய்கிற கம்பெனியில் ரத்ததான முகாம் போட்டார்கள். நம் வீட்டு ரூமில் வாடகைக்குக் குடியிருக்கிற திருநெல்வேலிப் பையன்கள் உச்சிமாகாளியும் அந்தோணிராஜும், "சும்மா வாங்க அண்ணாச்சி, ஜூஸ் தருவாக" என்று இழுத்துப் போனார்கள். ஜூஸ் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள். என் ரத்தத்தில், ஈரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் சி கிருமி வந்ததற்கான அடையாளம் இருக்கிறதாம். எந்தக் காலத்து ஊசியில் ஏறியதோ, யார் கண்டது! கிருமி இப்போதும் இருக்கிறதா என்பதை இன்னொரு பரிசோதனை செய்துதான் நிச்சயமாகச் சொல்ல முடியும், இருந்தால் மாசக்கணக்கில் ஊசி போட வேண்டும் என்று சொல்லி அதற்கும் ரத்தம் எடுத்துக்கொண்டார் டாக்டரம்மா. அவர் நிச்சயமாகச் சொல்வதற்குள் நானே நிச்சயம் செய்துகொண்டேன்.

அந்தம்மா இன்னொன்றும் சொன்னார். "கிருமியோட சண்டை போடுற செல்லுங்க நம்ம ஒடம்புல இருக்கு. அதுங்க வெறி புடிச்சு நம்ம ஈரலையே அடிச்சிடக் கூடாதுன்னு, 'போதும் வுடு'ன்னு அடக்குறதுக்கும் ஒரு வகை டி செல் இருக்கு. சில பேருக்கு அது ஜாஸ்தியாயிடும். சண்டை நின்னுடும், கிருமி ஜம்முனு தங்கிடும்."

மச்சான், கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. முப்பது வருஷமாக இந்தத் தெருவில் "போதும் வுடு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்தானே! அந்தச் செல்லை நானே ஊட்டி வளர்த்திருக்கிறேன். ஆகையால் இனிமேல் கோபப்படுவதே மருந்து என்று முடிவு கட்டினேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த உச்சிமாகாளிக்கும் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அந்தோணிராஜுக்கும் பாத்ரூம் வாசலில் தகராறு. வழக்கமாக நான்தான் முறை சொல்லிப் பிரித்துவிடுவேன். அன்று சும்மா நின்றேன். பக்கெட் உடைந்தது, கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்தது, கம்பெனி பஸ் அந்தோணிராஜை விட்டுவிட்டுப் போனது. போதாததற்கு நானும் கத்தினேன். "நீங்களே இப்படி ஏறிக்கிட்டு வந்தா நாங்க யார்ட்ட போயிச் சொல்லுதது?" என்று உச்சிமாகாளி கண் கலங்கினான். எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் ஈரலை நினைத்து முறைத்தேன்.

வீட்டிலும் விடவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். ரத்னா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாய்யா ஆச்சு உனக்கு? எவ வூட்டு சாம்பாரு ருசி கண்டுகினு வந்த?" என்றாள். இன்னும் கொஞ்சம் கத்தினேன். இப்போது பையைக் கட்டி வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள்.

தயவுசெய்து உடனே சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்தால் என் கோபம் கரைந்துவிடும், அந்தச் செல் மறுபடி பெருகிவிடும். விஷயத்தையும் சொல்லாதீர்கள், தெரிந்தால் சாப்பிட மாட்டாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும்.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பின்குறிப்பு: அண்ணா, இது ரத்னா எழுதுவது. அவர் கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவர் கொடுத்திருப்பது என் செல் நம்பர், தன் நம்பர் அவருக்கு என்றைக்கு மனப்பாடம்? அன்றைக்கே அங்கிருந்து எனக்குப் போன் வந்தது, முதலிலிருந்தே எனக்கு எல்லாம் தெரியும். ஊரார் குறையெல்லாம் உட்கார்ந்து கேட்கிற மனுஷன், தன் பயத்தை என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் பையைக் கட்டினேன், சாம்பாருக்காக இல்லை. சற்று முன் டாக்டரம்மா பேசினார். இரண்டாவது பரிசோதனையில் கிருமி இல்லை. எப்போதோ வந்ததை உடம்பே விரட்டிவிட்டதாம், சிலருக்கு அப்படி ஆகுமாம். அடக்குகிற செல்லும் வேண்டியதுதான், அது இல்லாவிட்டால் ஈரல் புண்ணாகிவிடும் என்றார். நான் வரவில்லை. செருப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே வந்ததும் பிடித்து நன்றாகத் திட்டப்போகிறேன். திட்டுவதற்குள் அழுதுவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.