மடக்குத் துப்பாக்கியும் பிளாஸ்டிக் மரமும்

ஓட்டிஸின் துப்பாக்கிக் கடையில் மூன்று கார்பைன் துப்பாக்கிகளையும் மடக்கி வைத்து, வெர்லின் தையல் நாடாவால் அளந்துகொண்டிருந்தான்.

"சுட்டுப் பார்க்கலையா?" என்றான் ஓட்டிஸ்.

"அதெல்லாம் அப்புறம்."

தோளில் வைத்துச் சுடும் சிறு துப்பாக்கிகள் அவை; கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டுச் சுடலாம், இரண்டாக மடங்கும். எது குறி தவறாது, எது சிக்கும் என்று இணையத்தில் மாதக்கணக்கில் சண்டை போட்டவன் வெர்லின். கடைசியில் அவன் ஒப்பிட்டது ஒன்றே ஒன்றைத்தான்: எது கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குள் அடங்கும்?

வீட்டில் ஏற்கெனவே ஏழு இருந்தன. எட்டாவது வந்தால் பிக்கப் வண்டியில்தான் படுக்கை என்று மனைவி நோரீன் சொல்லிவிட்டாள். மொன்டானாவில், ஜனவரியில். விறைத்துப்போக அரை இரவு போதும். ஆனால் நிலவறையில் கிடக்கும் பிளாஸ்டிக் மரத்தை டிசம்பர் வரை யார் சீண்டப்போகிறார்கள்?

முதலில் வாங்கியது மேல்பக்கமாக மடங்கும் ரகம். குறிபார்க்கும் கண்ணாடி துருத்திக்கொண்டதால் பெட்டியின் மூடி ஒரு விரல் தூக்கி நின்றது. அதை ஓட்டிஸிடமே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் மடங்குவதை வாங்கினான். அளவு கச்சிதம். ஆனாலும் மூடி நான்கு விரல் தூக்கி நின்றது.

இணையத்தில் கேட்டான். துப்பாக்கி விஷயத்தில் எதிலும் ஒத்துப்போகாத அத்தனை பேரும், பிளாஸ்டிக் மரம் ஈரத்தில் உப்பும் என்பதில் ஒத்துப்போனார்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பெட்டிக்குள் திணித்தான்.

"அங்க கீழ என்ன பண்ற?" என்று நோரீன் நிலவறைப் படியின் மேலிருந்து கேட்டாள்.

"எலி."

"விடு, எலியை நான் பார்த்துக்கறேன். நீ ஏன் முட்டிவலியோட படி இறங்கற?"

இருபது வருடத்தில் அவன் முட்டியைப் பற்றி அவள் விசாரித்தது அதுவே முதல் தடவை. வெர்லின் நெகிழ்ந்துபோனான். ஒளிப்பதற்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டாவதையும் விற்று, இருப்பதிலேயே ஒல்லியானதை வாங்கினான். இம்முறை மூடி மூடுவதாகவே இல்லை. மறுநாள் அதையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

"இதையும் நீயே எடுத்துக்க, ஓட்டிஸ். இதுக்குமேல என்னால முடியாது."

ஓட்டிஸ் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

"எனக்கெதுக்கு? நேரா நோரீன்கிட்டயே குடுத்துடு. முந்தின ரெண்டையும் அவதான் பாதி விலைக்கு வாங்கிட்டுப் போனா. நிலவறைப் பெட்டியில ஏதோ கிறிஸ்துமஸ் மரமாம், அதுக்கு அடியில வச்சா டிசம்பர் வரைக்கும் உன் கண்ணுல படாதாமே."